ஓலை வாசித்தபோது எழுந்து நின்றவன்

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு தொடங்குவதுதான் மரியாதை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டார். "தவறாம போயிடுவேங்க" என்றேன். வாய் நிறையக் கேசரி இருந்ததால் குரல் தழுதழுத்து, பக்தி போலவே கேட்டது.

(எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான், போதகரும் ஐயர்தான். பெங்களூரில் என் அறைத்தோழனுக்கு இதை இரண்டு வருடம் விளக்கினேன். "அப்ப நீங்க ஐயரா?" என்றுதான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.)

உண்மையில் நான் கோயில் படியை மிதித்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. பெங்களூரில் வேலை கிடைத்த நாளிலிருந்து என் சபை என் செல்போனுக்குள் இருந்தது. ஞாயிறு பத்து மணிக்குக் கண் விழித்து, போர்வையை விலக்காமலே, ஏதோ ஒரு தேசத்தில் மேடையில் புகை போட்டு நடக்கும் ஆராதனையைத் திறப்பேன். பிரசங்கம் நீண்டால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன். காணிக்கை நேரம் வந்தால் பல் தேய்க்கப் போய்விடுவேன். ஊருக்கு வரும்போது அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டால், "நான் உலகளாவிய சபையைச் சேர்ந்தவம்மா" என்பேன். "உலகத்துக்கு எங்கடா மணி அடிக்கிறாங்க?" என்று அம்மா கேட்பாள். அறியாமை என்று சிரித்துக்கொள்வேன்.

எங்கள் கோயில் வலங்கைமானிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மொத்தம் அறுபது எழுபது குடும்பம். அங்கே போகாமலிருக்க என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. நான்கு மின்விசிறிகளும் சபைச் சங்கத்து உறுப்பினர்கள் தலைக்கு மேல்தான் சுற்றும். கீபோர்டு ஒரு சுருதியிலும் பாடகர் குழு இன்னொரு சுருதியிலும் போய், ஆமென் சொல்லும்போது மட்டும் சந்தித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விட, அங்கே எல்லாருக்கும் எல்லாரைப் பற்றியும் எல்லாம் தெரியும். ஒருமுறை முடி கொட்டுகிறது என்று அம்மாவிடம் போனில் புலம்பியிருந்தேன். நான்கு நாள் கழித்து ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், டீக்கடையில் நின்ற ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் நேராக என் மண்டையைப் பார்த்து, "ரொம்பத் தெரியல தம்பி" என்று ஆறுதல் சொன்னார்.

இப்படிப்பட்ட நான்தான் "தவறாம போயிடுவேங்க" என்றது. அதுவும் யாரிடம்? ஆசீர்வாதம் சாரிடம். திருவாரூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். செத்துப்போன தாத்தாவுக்கு மறுபடி மறுபடி சாவு வரும் லீவு லெட்டர்களைப் படித்துப் படித்தே வயதானவர். அவர் என் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொண்ணை ஒரு ஆளுக்கு மட்டும் குடுக்கறதில்ல தம்பி. ஒரு சபைக்கும் சேர்த்துத்தான் குடுக்கறோம். நாளைக்கு ஒரு கஷ்டம்னா போய்த் தட்டறதுக்கு நாலு கதவு வேணும்ல?" என்றார். தலையை ஆட்டினேன். என்னிடம் இருந்த ஒரே கதவு செல்போன் திரைதான்.

அவர் கையில் இன்னொரு வரனும் இருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம், பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர், பாடகர் குழுவில் முன்வரிசை. என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை, பெண்ணுக்கு, பியூலாவுக்கு, என்னைப் பிடித்திருந்தது என்பதைத் தவிர. அவள் திருவாரூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நிச்சயமான பிறகு தினமும் போனில் பேசினோம். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்ன நகைச்சுவைக்கு இன்னொருவர் சிரித்துக் கேட்டேன். அதற்கப்புறம் இவளை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் பயம்.

எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் ஓலை வாசிப்பார்கள். (பனையோலை எல்லாம் கிடையாது. கம்ப்யூட்டர் சென்டரில் டைப் செய்த தாள், மூன்று எழுத்துப் பிழைகளோடு.) இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப் போகிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று தரம் அறிவித்தால்தான் தாலி ஏறும். எங்களுக்குச் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சமிருந்தது. அதற்கு அடுத்த செவ்வாய் கல்யாணம். மறுநாள் சாம்பல் புதன், லெந்து என்னும் தவக்காலம் ஆரம்பம். அப்புறம் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. ஒரு ஓலை தவறினாலும் கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போகும். இரண்டு மாதத்தில் திருத்துறைப்பூண்டிக்காரர் எத்தனை பாட்டுப் பாடிவிடுவார்!

முதல் ஓலைக்கு முந்தின நாள் ஆசீர்வாதம் சார் போன் செய்தார். "நாளைக்கு நாங்களும் உங்க கோயில் ஆராதனைக்கே வந்துடறோம். சபையாரையும் பாத்த மாதிரி இருக்கும்." நான் அலமாரியில் பைபிளைத் தேட ஆரம்பித்தேன். அம்மா மட்டும் நிதானமாக இருந்தாள். "நீ ஒண்ணும் பண்ண வேணாம்டா. எல்லாரும் எந்திரிச்சா எந்திரி, எல்லாரும் உக்காந்தா உக்காரு. அவ்வளவுதான்."

(இத்தனை சுலபமான கட்டளையை இந்த அளவுக்குச் சொதப்பியவன் மனித குலத்தில் இருக்க மாட்டான்.)

சம்பா அறுவடை சமயம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். பெண் வீட்டார் கார் நெல்லின் மேல் ஏறிவிடாமலிருக்க அப்பா ரோட்டிலேயே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆண்கள் பக்கத்தில் நான் தனி ஆள். முதலில் உட்கார்ந்த இடத்தில், "தம்பி, இது பொன்னையா மாமா வீட்டு பெஞ்சு" என்றார்கள். அடுத்த பெஞ்சு வேறொருவர் வீட்டுடையதாம். எங்கள் வீட்டு பெஞ்சு எது என்று கேட்க வெட்கமாக இருந்தது. கடைசியில் விருந்தாளிகளுக்கான முன் பெஞ்சில், ஆசீர்வாதம் சாருக்குப் பக்கத்திலேயே போய் மாட்டிக்கொண்டேன்.

ஆராதனை நடுவே ஐயர், "இன்றைக்கு நம்முடைய சபைக்குப் புதிதாய் வந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்கவும்" என்றார். ஆசீர்வாதம் சாரும் அவர் மனைவியும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். ஐயர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்து, "அந்தத் தம்பியும் எந்திரிங்க, கூச்சப்படாதீங்க" என்றார். எழுந்தேன். பாடகர் குழு எனக்கும் சேர்த்து வரவேற்புப் பாட்டுப் பாடியது. ஒரு சின்னப் பெண் வந்து எனக்கும் ஒரு ரோஜாப்பூ கொடுத்தாள்.

"தம்பி, இது உங்க கோயில்தான?" என்றார் ஆசீர்வாதம் சார் மெல்ல.

"ஐயர் புதுசுங்க."

"ஐயர் புதுசு, சரி. பூ குடுத்த பாப்பா?"

ரோஜாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பெஞ்சுக்குக் கீழே செல்போனை எடுத்து, திருவாரூரிலேயே இருந்துவிட்ட பியூலாவுக்குச் செய்தி தட்ட ஆரம்பித்தேன். 'உங்க அப்பா என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை' என்று பாதி தட்டியபோது, ஒலிபெருக்கியில் என் முழுப் பெயர் கேட்டது. ஞானமுத்து, எஸ்தர் தம்பதியின் குமாரன் சாமுவேல் ஜெயசீலன். அட, நான்! என் செல்போன் சபையில் பெயரைக் கூப்பிட்டால் பிறந்தநாள்காரர்கள் எழுந்து நிற்பார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள். இங்கே மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் போல என்று நினைத்துச் செய்தியைத் தட்டி முடிப்பதற்குள் ஐயர் ஏதோ நீளமாக வாசித்து, "எழுந்து நின்று தெரிவிக்க வேண்டும்" என்று முடித்தார்.

எழுந்து நின்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆண்கள் பக்கம் ஒரு கும்பிடு, பெண்கள் பக்கம் ஒரு கும்பிடு, பாடகர் குழுவுக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டேன்.

யாரும் கைதட்டவில்லை. ஐயர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவருடைய ஊழிய காலத்தில் ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்ற முதல் ஆள் நான். "தடை சொல்றது யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் கோயில் மைக் விட்டு விட்டுத்தான் பேசும். என் காதில் விழுந்தது "யாருங்க?" மட்டும்தான்.

"நான்தாங்க ஐயா!" என்றேன் உற்சாகமாக.

"தம்பி, இப்ப ஓலை வாசிச்ச கல்யாணத்துக்கு என்ன தடை?"

மைக் மறுபடி விழுங்கியதில் "கல்யாணத்துக்கு" மட்டும் வந்தது. மாப்பிள்ளை யார் என்று கேட்கிறார், பாவம், புது ஐயர். "அதான் சொல்றேனேங்க ஐயா, நான்தான்!"

இந்த நேரத்தில் மைக் பூரணமாகக் குணமடைந்தது. "தடையே நீங்கதானா?" என்று ஐயர் கேட்டது கோயில் முழுவதும், வெளியே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாக வயல் முழுவதும் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து "அடப்பாவி!" என்று ஒரு குரல் வந்தது. அது அம்மா. பின்னால் யாரோ, "பெங்களூர்ல வேற பொண்ணு இருக்கும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பெண் வீட்டார் வந்த பிறகும் ரோட்டில் மற்ற வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்த அப்பா கையை இறக்கிவிட்டதால், அந்நேரம் வந்த ஒரு டிராக்டர் நெல்லின் மேல் ஏறியது.

எனக்குப் புரிந்தபோது உட்காரக்கூடத் தோன்றவில்லை. "ஐயா, தெரியாம எந்திரிச்சிட்டேன்" என்றேன். சபைச் செயலாளர் பொன்னையா மாமா விடவில்லை. மாமா விவசாயி, ஆனால் கோயில் சட்டத்தில் வக்கீல். "ஓலையில ஒருத்தர் தடைன்னு எந்திரிச்சிட்டா, விசாரிச்சு முடிக்காம அது ஓலையாச் சேராது. எந்திரிச்சது மாப்பிள்ளையா இருந்தாலும் சரி, மகாராஜாவா இருந்தாலும் சரி." ஐயர் பாடகர் குழுவைப் பார்த்து, "ஒரு பாட்டுப் பாடிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு எங்களைக் கோயிலை ஒட்டிய சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். போகும்போதே பொன்னையா மாமா, "பதினோரு மணிக்கு எனக்கு அறுவடை மிஷின் வருது, சீக்கிரம் விசாரிங்க" என்றார்.

அறைக்குள் ஆசீர்வாதம் சார் முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். "பியூலா, மாப்பிள்ளை தடை சொல்லிட்டாரு."

"என்ன காரணம்ப்பா சொன்னாரு?"

"காரணம் அவருதானாம்."

போனிலிருந்து விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாமல் போனருகே காதைக் கொண்டுபோனேன்.

ஆசீர்வாதம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியாம எந்திரிச்சாருன்னே வச்சுக்குவோம். ஓலைன்னா என்னன்னே தெரியாத ஆளு எப்படித் தவறாம கோயிலுக்குப் போறவரா இருக்க முடியும்? ஐயா, நீங்க சொல்லுங்க. இவரை உங்களுக்குத் தெரியுமா?"

ஐயர் பொய் சொல்ல மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. "இன்னிக்குத்தாங்க பாக்கறேன்" என்றார். பொன்னையா மாமா பதிவேட்டைப் புரட்டினார். "ஞானஸ்நானம் இருக்கு. வாலிப வயசுல திடப்படுத்தல் இருக்கு. அப்புறம் காலி. நற்கருணை அப்பம் வாங்குனதா ஒரு தடவைகூட இல்ல." மாமா பதிவேட்டை மூடிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. ஆசீர்வாதம் சார் போனைக் கையில் எடுத்தார். பியூலா என் கையை விட்டுப் போகிறாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி யாரைக் கூப்பிடுவது? புகை போட்ட மேடைக்காரரையா?

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கிரேஸ் அத்தை உள்ளே வந்தார். ஊரில் தையல் மிஷின் வைத்திருப்பவர், பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. வெள்ளிக்கிழமை மதியம் அவர் வீட்டில் கூடும் ஜெபக் கூட்டத்தை நான் 'வலங்கைமான் வானொலி' என்றுதான் சொல்வது வழக்கம். அத்தை கையில் அட்டை கிழிந்த ஒரு தடித்த நோட்டு இருந்தது. ஜெபக்குறிப்பு நோட்டு. யார் யாருக்காக எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுதி வைப்பது.

"இவன் கோயிலுக்கு வர்றதில்ல சார். சோம்பேறிப் பய. ஆனா எங்களுக்குத் தெரியாதவன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "சீலன், பிளஸ் டூ, கெமிஸ்ட்ரி. சீலன், காலேஜ், ரெண்டு அரியர். சீலன், அரியர், இப்ப மூணு."

"அத்தை, போதும்" என்றேன்.

"சும்மா இருடா. சீலன், பெங்களூர்ல வேலை. சீலன், முடி. சீலன், கோவம். சீலன், முடி, மறுபடி." போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இந்த முறை சந்தேகமில்லை, சிரிப்புதான். அத்தை பக்கத்தைத் திருப்பிக் குரலைத் தாழ்த்தினார். "சீலன், வேலை போயிடுச்சு. அவன்கிட்ட யாரும் கேக்க வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெங்களூரில் வேலை போய், அடுத்தது கிடைக்கும்வரை நான்கு மாதம் ஊரில் வீட்டோடு இருந்தேன். 'வீட்டிலிருந்தே வேலை' என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அந்த நான்கு மாதமும் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு, ஒரு நாள் புது அரிசி, ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் சும்மா. வேவு பார்க்க வருகிறார்கள் என்று உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் உலகளாவிய சபையைப் பார்த்துக் கிடந்தேன். அது சில மணி நேரத்துக்கு ஒருமுறை 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று கேட்கும். என் மேல் அது காட்டிய அக்கறை மொத்தமும் அவ்வளவுதான். இங்கே அத்தனை பேருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. 'வலங்கைமான் வானொலி' அந்த ஒரு செய்தியை மட்டும் என் காதுபட ஒலிபரப்பவே இல்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கைக்குட்டை இல்லாமல், பாப்பா கொடுத்த ரோஜாவை எடுத்து முகர்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆசீர்வாதம் சார், "வேலை போயிருந்துச்சா? இதை எங்ககிட்ட சொல்லலையே!" என்றார்.

"எனக்குத் தெரியும்ப்பா. அவரு ஏற்கெனவே சொல்லிட்டாரு" என்றது போன்.

சார் அத்தையிடமிருந்து நோட்டை வாங்கி, பரீட்சைத் தாள் திருத்துவது போலப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பதினோரு வருடம். எத்தனையோ கையெழுத்துகள். "கடைசியா என்ன எழுதியிருக்கு? பேனா மை பரவியிருக்கே."

"அது போன வெள்ளிக்கிழமை எழுதுனது சார். 'சீலன், ஓலை. எந்தத் தடையும் வராமல் நடக்க வேண்டும்.'" அத்தை பெருமூச்சு விட்டார். "எல்லாத் தடையையும் நெனச்சு ஜெபிச்சோம் சார். இவனே எந்திரிப்பான்னு யாருக்குத் தெரியும்?"

பொன்னையா மாமாவின் உதடு முதலில் துடித்தது. அப்புறம் ஐயர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆசீர்வாதம் சார் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மூடி, இரண்டு கையாலும் அத்தையிடம் கொடுத்தார். "இவரு சொன்னது பொய்தான். ஆனா நான் கேட்ட நாலு கதவு இங்க இருக்கு" என்றார்.

"அத்தை" என்று கூப்பிட்டது போன். "அந்த நோட்டுல என் பேரையும் எழுதிக்கங்க. இவரைக் கட்டிக்கப் போறேன்ல, எனக்குத்தான் ரொம்பத் தேவைப்படும்."

அத்தை அங்கேயே என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி எழுதினார். பொன்னையா மாமாவும் பதிவேட்டில் எழுதினார்: 'தடை சொன்னவர், தடை இன்னதென்று அறியாமல் சொன்னபடியால் தள்ளுபடி.' அப்படியும் இன்றைய ஓலை கணக்கில் சேருமா என்று ஐயருக்குச் சந்தேகம். "இன்னும் கடைசி ஆசீர்வாதம் கூறலையே ஐயா, ஆராதனை முடியலைன்னுதான் அர்த்தம். திரும்ப வாசிங்க" என்றார் மாமா. முதல் ஆசீர்வாதம் அப்போதுதான் கிடைத்திருந்தது. இரண்டாவதற்காக எல்லாரும் உள்ளே போனோம். பாடகர் குழு ஒரு கீர்த்தனையின் எல்லாச் சரணங்களையும் முடித்து, குரல் கம்மி, மறுபடி பல்லவிக்கு வந்திருந்தது. சபையில் ஒருவர்கூட வீட்டுக்குப் போயிருக்கவில்லை. (எப்படிப் போவார்கள்? அறையின் ஜன்னல் திறந்துதான் இருந்தது.)

ஐயர் மறுபடி ஓலையை வாசித்தார். தடை பற்றிய இடத்துக்கு வருமுன் நிறுத்தி, "மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருக்கவும்" என்றார். எனக்கு இந்தப் பக்கம் பொன்னையா மாமாவும் அந்தப் பக்கம் ஆசீர்வாதம் சாரும் உட்கார்ந்து, தோளில் ஆளுக்கொரு கையை வைத்து அழுத்திக்கொண்டார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் அதே ஏற்பாடுதான். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

அதற்கப்புறம் வேலையைத் தஞ்சாவூருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நிஜமாகவே ஞாயிறு தவறுவதில்லை. மின்விசிறி இன்னும் என் பக்கம் திரும்பவில்லை, கீபோர்டும் திருந்தவில்லை. எங்கள் ஐயர் எந்த ஓலையை வாசித்தாலும் 'மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கவும்' என்று சேர்த்தே வாசிக்கிறார். அது ஏதோ பழைய முறைமை என்று நினைத்துப் பக்கத்துச் சபையிலும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

போன மாதம் பொன்னையா மாமா மகளுக்கு ஓலை வாசித்தார்கள். தடை உண்டென்று அறிந்தவர்கள் என்ற இடம் வந்ததும் வழக்கம்போல மொத்தச் சபையும் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குக் கால் மரத்துப்போயிருந்ததால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு லேசாக அசைந்தேன், அவ்வளவுதான். பெண்கள் பக்கத்திலிருந்து, மைக்கே தேவைப்படாத அந்தக் கணக்கு டீச்சர் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"இப்ப எந்திரிச்சு என்னங்க பிரயோசனம்? உக்காருங்க!"